காகம் வரைந்த சிறுவன்

எழுத்தை அறிவதற்கு முன்னரே மனிதன் கோட்டை அறிந்தவன். விழுப்புரத்தை அடுத்த கீழ்வாலைப் பாறைகளில் செந்நிறக் கோடுகளால் மனிதனையும் விலங்கையும் தீட்டிச் சென்ற நம் முன்னோர்க்குப் பள்ளிக்கூடம் இல்லை. பாடப் புத்தகம் இல்லை. கண்டதை வரைந்தார்கள், வரைந்ததைக் கண்டு மகிழ்ந்தார்கள். இன்றும் நம் இல்லங்களில் மூன்று வயதுக் குழந்தையின் கையில் ஒரு கரித்துண்டு அகப்பட்டால் அது முதலில் செய்வது சுவரில் கோடு கிழிப்பதே. அப்பொழுது நாம் செய்வது என்ன? கரித்துண்டைப் பிடுங்குகிறோம், சுவரைத் துடைக்கிறோம், குழந்தையைக் கடிந்துகொள்கிறோம். இவ்வாறு துடைக்கப்பட்ட சுவர்களோடு எத்தனை கலைஞர்களும் துடைக்கப்பட்டார்களோ, யார் அறிவார்!

ஆனால் ஒரு வீட்டில் அவ்வாறு நிகழவில்லை. அந்த வீட்டின் தரையும் சுவரும் கதவும் ஒரு சிறுவனின் கோடுகளுக்கு இடம் தந்தன. பின்னாளில் அச்சிறுவன் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாட்டையே நாள்தோறும் காலையில் சிரிக்க வைத்தான். சிரித்த பின் சிந்திக்கவும் வைத்தான். அவரே ஆர். கே. லக்ஷ்மண். அவர் எதைக் கண்டு வரையத் தொடங்கினார், எவ்வாறு கையைப் பழக்கினார், அந்தப் பழக்கம் அவரை எங்கே கொண்டு சேர்த்தது என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ரயில்வே அலுவலகத்துக் கணக்கேடுகளோடு காலங்கழிக்கும் எளியேன் ஓவியக் கலையைப் பயின்றவன் அல்லேன். எனினும் ஒரு மனிதரின் வாழ்க்கையில் நமக்குப் பாடம் இருக்குமாயின் அதை எடுத்துச் சொல்லப் பட்டம் எதற்கு?

மைசூர் வீடு

‘ஆர். கே.’ என்னும் இரண்டு எழுத்துகளுள் ஒரு தமிழூர் ஒளிந்திருக்கிறது. முதலெழுத்து இராசிபுரத்தைக் குறிப்பது. இரண்டாவது தந்தையார் கிருஷ்ணசாமியின் பெயர். பழைய சேலம் மாவட்டத்தில் இருந்ததும் இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்ததுமான இராசிபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பம் அது. தந்தையார் மைசூரில் பள்ளித் தலைமையாசிரியர். பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலம் சென்று குடியேறிய தமிழ்க் குடும்பம் என்ற வகையில் அவர்கள் நம்மவர்கள், நம்மைப் போன்றவர்கள். அங்கே 1921ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் லக்ஷ்மண் பிறந்தார். புதல்வர்களுள் இவரே கடைக்குட்டி. அண்ணன்மாருள் ஒருவரே, ‘மால்குடி’ என்னும் கற்பனை ஊரைப் படைத்து உலகப் புகழ் எய்திய நாவலாசிரியர் ஆர். கே. நாராயண்.

தலைமையாசிரியர் வீடு ஆகையால் படிப்பதற்குக் குறைவில்லை. இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ‘ஸ்ட்ராண்ட்’, ‘பஞ்ச்’, ‘பைஸ்டாண்டர்’, ‘டிட்பிட்ஸ்’ முதலிய இதழ்கள் அந்த வீட்டில் புழங்கின. அண்ணன்மார் அவற்றில் கதை படித்தார்கள். தம்பிக்கோ அப்பொழுது எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாது. ஆயினும் ஏடுகளைப் புரட்டிப் புரட்டிப் படங்களையே பார்த்துக் கொண்டிருப்பான். ஒருவன் கோபமாக இருக்கிறான் என்பதை எந்தக் கோடு காட்டுகிறது? சட்டை மடிப்பில் விழும் நிழலை எப்படிச் சில கீறல்களால் காட்டியிருக்கிறார்கள்? இத்தகைய வினாக்களைக் கேட்கும் வயது அதுவன்று. எனினும் கண் அவற்றுக்கு விடை தேடிக்கொண்டே இருந்தது. படிக்கத் தெரியாமை ஒரு குறை என்று எண்ணுகிறோம். படிக்கத் தெரிந்திருந்தால் அவனும் கீழே அச்சிட்ட வாசகத்தைப் படித்துச் சிரித்துவிட்டு அடுத்த ஏட்டிற்குப் போயிருப்பான். தெரியாமையால் படத்திலேயே நின்றான். நின்றதே நன்மையாயிற்று.

‘பசு’ என்னும் ஓவியர்

‘தி ஹிந்து’ நாளிதழில் அவ்வப்போது வெளிநாட்டுக் கேலிச்சித்திரம் ஒன்று வெளிவரும். மற்றப் படங்களை எல்லாம் விட அதுவே சிறுவனை ஈர்த்தது. தூரிகையால் தடித்து இழுத்த கறுப்புக் கோடு. பெரிய மனிதர்களைப் பொம்மைகளாக ஆட்டி வைக்கும் துணிவு. வரைந்தவர் யார் என்று மூலையில் இருந்த கையெழுத்தைப் பார்த்தான். ‘லோ’ என்பது அவர் பெயர். முதலெழுத்து வளைந்து தோன்றியமையால் சிறுவன் அதைக் ‘கௌ’ என்று படித்தான். ‘கௌ’ என்றால் ஆங்கிலத்தில் பசு அன்றோ! இவ்வளவு அருமையாக வரையும் மனிதருக்குப் பசு என்று பெயரிருப்பது அவனுக்கு வியப்பாக இருந்ததோ இல்லையோ, நெடுநாள் அவ்வாறே எண்ணிக் கொண்டிருந்தான். பெயரைப் பிழையாகப் படித்தான்; ஆனால் கோட்டைப் பிழையின்றிப் படித்தான்.

அந்த ‘லோ’ யார் என்பதையும் ஈண்டுச் சிறிது அறிதல் நலம். டேவிட் லோ 1891ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாட்டின் டனீடின் நகரில் பிறந்தவர். அவரும் ஓவியப் பள்ளியின் வார்ப்பு அல்லர். பெரும்பாலும் தாமாகவே பயின்றவர். அவருக்குப் பதினோரு வயது நடக்கும்போதே அவர் அனுப்பிய படம் ஒன்றை இங்கிலாந்து நாட்டுச் சிறுவர் இதழ் ஒன்று வெளியிட்டது. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ‘பஞ்ச்’ இதழ்களில் சார்லஸ் கீன் முதலியோரின் படங்களைக் கண்டு அவர் கையைப் பழக்கினார். பில் மே என்னும் ஓவியரின் கோட்டுச் சிக்கனமும் அவரைக் கவர்ந்தது. பில் மே ஓர் அரிய முறையைக் கையாண்டவர். முதலில் எல்லா விவரங்களையும் சேர்த்து முழுப் படத்தையும் வரைவார். பின்பு எந்தக் கோடு இல்லாமலும் படம் நிற்கும் என்று பார்த்து ஒவ்வொன்றாக நீக்குவார். எஞ்சி நிற்பதே அவருடைய ஓவியம். பார்ப்பவர்க்கு அரை மணி வேலை போலத் தோன்றும். நீக்கப்பட்ட கோடுகளின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாது.

லோ பிற்காலத்தில் இலண்டன் சென்று ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ இதழில் 1927 முதல் வரைந்தார். இட்லரையும் முசோலினியையும் அவர் எள்ளி நகையாடிய படங்கள் அச்சர்வாதிகளைச் சினங்கொள்ளச் செய்தன. இங்கிலாந்தைப் பிடித்தால் உடனே கைது செய்ய வேண்டியவர்கள் என்று நாஜிகள் தயாரித்து வைத்திருந்த பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. படை இல்லை, பதவி இல்லை. கையில் ஒரு தூரிகை மட்டுமே இருந்த மனிதர் அவர்! 1963ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

ஆகவே, நியூசிலாந்தில் ஒரு சிறுவன் பழைய இதழைப் புரட்டினான். அவன் வளர்ந்து வரைந்ததை மைசூரில் மற்றொரு சிறுவன் புரட்டினான். இடையில் கடல்கள் இருந்தன. ஒருவரும் ஒருவரை அழைத்துப் பாடம் சொல்லவில்லை. தாள் மட்டுமே பயணம் செய்தது.

நம்மை எள்ளிய கலை நம் கைக்கு வந்த வரலாறு

நிற்க. இந்தக் கேலிச்சித்திரக் கலை நம் நாட்டிற்கு வந்த வழியையும் மறத்தலாகாது. ‘பஞ்ச்’ இதழ் 1841இல் இலண்டனில் தொடங்கப்பட்டது. 1857இல் வடநாட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவ்விதழில் டென்னியல் என்னும் ஓவியர் வரைந்த பெரும்படம் ஒன்று வெளிவந்தது. பிரிட்டிஷ் சிங்கம் வங்கப் புலியின் மீது பாய்ந்து பழிவாங்குவதாக அமைந்த படம் அது. ஆளும் இனத்தின் சீற்றத்திற்குத் துணை நின்ற கலையாகவே அது அன்று நமக்கு அறிமுகமாயிற்று.

ஆனால் கருவி எவருடையதாயினும் கை நம்முடையதானால் பயன் மாறும். இலட்சுமணபுரியாகிய லக்னோவில் 1877இல் ‘அவத் பஞ்ச்’ என்னும் உருது இதழ் தோன்றியது. தமிழ்நாட்டில், 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் கேலிச்சித்திரங்களை வெளியிட்டு அந்நிய ஆட்சியைக் குத்திக் காட்டினார். கவிதை பாடிய அப்பெருமகனார் படத்தின் வலிமையையும் அறிந்திருந்தார் என்பது நாம் பெருமை கொள்ளத் தக்கது. படிக்கத் தெரியாத பாமரனுக்கும் படம் புரியும் அன்றோ? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ‘ஆனந்த விகடன்’ வாயிலாக மாலி தமிழர் இல்லங்களில் சித்திரச் சிரிப்பைக் குடியேற்றினார். மலையாள நாட்டிலிருந்து சென்ற சங்கர் தில்லியில் ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ நாளிதழில் வரைந்து, பின்னர் 1948இல் ‘சங்கர்ஸ் வீக்லி’ இதழைத் தொடங்கினார். இவ்வாறு விதை பல இடங்களில் முளைத்துக் கொண்டிருந்த காலத்தில்தான் மைசூர்ச் சிறுவன் கரித்துண்டை எடுத்தான்.

அரசிலையும் காகமும்

பள்ளியில் ஒருநாள் ஆசிரியர் மாணவர்களை இலை ஒன்றை வரையச் சொன்னார். லக்ஷ்மண் அரசிலையை வரைந்தான். அதைக் கண்டு ஆசிரியர் பாராட்டினார். அன்று முதல் தான் ஓவியனாகப் போகிறவன் என்ற எண்ணம் சிறுவன் மனத்தில் வேரூன்றியது. ஓர் ஆசிரியரின் வாயிலிருந்து வந்த சில சொற்கள்! அவர் அதைச் சொல்லாமல் மதிப்பெண் மட்டும் இட்டிருந்தால்? நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

பாராட்டுக் கிடைத்ததும் அவன் பிற ஓவியர்களின் படங்களைப் பார்த்துப் படியெடுப்பதில் காலம் கழிக்கவில்லை. இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். வெளிநாட்டு இதழ்கள் அவனுக்கு ஆசையை மூட்டின. ஆனால் வரைவதற்கு அவன் எடுத்துக் கொண்ட பொருள்கள் இலண்டன் தெருவும் நீண்ட தொப்பியும் அல்ல. தன் அறைச் சன்னல் வழியே கண்ணிற்பட்டவையே: உலர்ந்த சுள்ளிகள், இலைகள், ஊர்ந்து செல்லும் பல்லி போன்ற உயிர்கள், விறகு பிளக்கும் வேலையாட்கள், எல்லாவற்றிற்கும் மேலாக எதிர்வீட்டுக் கூரைகளில் விதவிதமாக அமர்ந்திருக்கும் காகங்கள். பள்ளியில் ஆசிரியர்களையும் கேலியாக வரைந்து பார்ப்பான். கண் பார்த்ததைக் கை உடனே தாளில் இறக்கும். இதுவே அவனுடைய பயிற்சி.

காகத்தை யார் வரைவார்கள்? மயிலை வரைவார்கள், கிளியை வரைவார்கள், அன்னத்தை, காணாதவர்களும் வரைவார்கள். காகம் நம் வீடுகளில் சனி பகவானின் வாகனம். அமாவாசையன்று முன்னோரை எண்ணிச் சோறு வைத்து அழைக்கப்படுவது. மற்ற நாட்களில் விரட்டப்படுவது. ஆனால் ஓவியம் பழகுபவனுக்கு அதைப்போல் வாய்த்த ஆசான் இல்லை. நிறமோ ஒன்றே, ஆகவே உருவத்தை வடிவத்தாலேயே காட்ட வேண்டும். ஒரு நொடி அசையாது இராது. ஆகவே பார்த்ததை நினைவில் இருத்தியாக வேண்டும். கழுத்தைச் சாய்க்கும்போது ஒரு குணம், இறக்கையைச் சற்றே விரிக்கும்போது மற்றொரு குணம் என்று மனிதரைப் போலவே பல குணங்களைக் காட்டுவது. லக்ஷ்மண் தம் முதுமை வரை காகங்களை வரைந்தார். காகப் படங்களைக் கண்காட்சியாகவும் வைத்தார். அரசியல் தலைவர்களை வரைந்த கைக்கு எழுத்தறிவித்த இறைவன் காகமே எனலாம்.

விளையாட்டிலும் அவன் பின்தங்கியவன் அல்லன். தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக் கிரிக்கெட் குழு அமைத்து அதற்குத் தலைவனாகவும் இருந்தான். அண்ணன் நாராயண் எழுதிய சில சிறுவர் கதைகளுக்குத் தம்பியின் குறும்புகளே கருவாயின. இந்த மகிழ்ச்சியான இல்லத்தின் மீது இடி விழுந்தது. தந்தையார் பக்கவாதத்தால் வீழ்ந்து, பின்னர் மறைந்தார். அண்ணன்மார் பொறுப்பைத் தாங்கினர். தம்பியின் படிப்பு நிற்கவில்லை. அவன் வரைவதும் நிற்கவில்லை.

மூடிய கதவு

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஓவியம் பயில விரும்பிய இளைஞர் லக்ஷ்மண், 1857இல் தோன்றிய புகழ்பெற்ற பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தார். தாம் வரைந்த படங்களையும் அனுப்பினார். பள்ளித் தலைவரிடமிருந்து மறுமொழி வந்தது. மாணவராகச் சேர்த்துக்கொள்வதற்கு வேண்டிய திறமை அப்படங்களில் காணப்படவில்லை என்பது அதன் சாரம்.

சுள்ளியும் பல்லியும் காகமும் அந்தப் பள்ளியின் அளவுகோலுக்குள் அடங்கவில்லை போலும்! இங்கே நாம் பள்ளியைப் பழிக்க வேண்டுவதில்லை. ஆயிரம் விண்ணப்பங்களைப் பார்ப்பவர் அளவுகோல் ஒன்றை வைத்துக் கொண்டுதான் பார்க்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் சரக்கை எடைபோடும் தராசைப் போல அது. தராசு எடையைச் சொல்லும். மூட்டைக்குள் இருப்பது விதைநெல்லா பதரா என்று அது சொல்லாது. நாம் கருத வேண்டியது மறுப்புக் கடிதம் பெற்ற இளைஞர் என்ன செய்தார் என்பதையே. அவர் மைசூர் மகாராஜா கல்லூரியில் சேர்ந்து கலையியல் பட்டத்திற்குப் படித்தார். படித்துக் கொண்டே வரைந்தார். ‘தி ஹிந்து’வில் வெளியான அண்ணனின் கதைகளுக்குப் படம் தீட்டினார். ‘கொரவஞ்சி’ என்னும் கன்னட நகைச்சுவை இதழுக்கு வரைந்தார். விடுமுறையில் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். ‘ஆனந்த விகட’னை வளர்த்த அதே வாசன் அவர்களின் நிறுவனமன்றோ ஜெமினி! நாரதரைப் பற்றிய இயங்குசித்திரம் ஒன்றிலும் லக்ஷ்மணின் கை பட்டது.

பின்னர்ப் பம்பாய் சென்று ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’ நாளிதழில் அரசியல் சித்திரக்காரராக அமர்ந்தார். அங்கே அவருடன் பணியாற்றியவர் பிற்காலத்தில் அரசியல் தலைவராகிய பால் தாக்கரே. கம்யூனிஸ்டுகளைக் கேலி செய்யலாகாது என்ற கட்டுப்பாடு அங்கே வந்தபோது லக்ஷ்மண் அவ்வேலையை விட்டு வெளியேறினார். ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் இடம் பெற்றார். அதன் பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதுவே அவருடைய தொழிற்கூடமாயிற்று.

பம்பாயை அறிந்த அன்பர்களுக்கு ஒரு செய்தி. விக்டோரியா டெர்மினஸ் என்று நம் முன்னோர் அழைத்ததும் இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் என வழங்குவதுமான அந்தப் பெருநிலையத்திற்கு எதிரேயே ‘டைம்ஸ்’ கட்டடம் நிற்கிறது. அது நிற்கும் தாதாபாய் நௌரோஜி சாலையிலேயே, நடந்து செல்லும் தொலைவில், ஜே. ஜே. கலைப்பள்ளியும் இருக்கிறது. அவரை ஏற்க மறுத்த வாயிலுக்கு அருகிலேயே அவர் அரை நூற்றாண்டு அமர்ந்து வரைந்தார். பழிச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. நாள்தோறும் காலையில் வந்த படமே போதுமானதாயிற்று.

கூட்டம் ஒருவராகிய விதம்

லக்ஷ்மண் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் ஒரு முதியவர்: வேட்டி, கட்டம் போட்ட கோட்டு, வழுக்கைத் தலையின் பின்புறம் சில மயிரிழைகள், மூக்குக் கண்ணாடி, தூரிகை போன்ற மீசை. அவரே ‘சாமானிய மனிதர்’. 1951ஆம் ஆண்டில் தொடங்கிய ‘யூ செட் இட்’ என்னும் சிறு சித்திரத்தில் அவர் நாள்தோறும் தோன்றினார். அமைச்சர் பேசுவார், அதிகாரி பேசுவார், மனைவியும் பேசுவார். அவர் மட்டும் ஒரு சொல்லும் பேசியதில்லை.

அவர் பிறந்த கதை சுவையானது. தொடக்கத்தில் லக்ஷ்மண் நாட்டு மக்களைக் காட்டுவதற்கு ஒரு கூட்டத்தையே வரைந்தார். வங்காளி, தமிழர், பஞ்சாபி, மகாராஷ்டிரர் என ஒவ்வொரு நாட்டாருக்கும் உரிய உடையும் தலைப்பாகையும் தாடியும் இட்டு வரைய வேண்டியிருந்தது. நாளிதழ் வேலையில் நேரம் ஏது? அச்சுக்குப் போகும் நேரம் நெருங்க நெருங்க, கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராகக் குறைந்தனர். பத்துப் பேர் ஐவராகி, ஐவர் இருவராகி, முடிவில் ஒருவர் எஞ்சினார். எஞ்சிய அவரைப் பார்த்து வங்காளி தம்மவர் என்றார். மராட்டியர் தம்மவர் என்றார். நாமும் நம்மவர் என்றோம். பல மாநிலத்தவர் கூடி வாழும் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்வோர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். அக்கம்பக்கத்து வீடுகளில் மொழி வேறு, சமையல் வேறு. ஆனால் மாதக் கடைசியின் முகம் ஒன்றே. அந்த முகத்தைத்தான் அவர் கண்டுபிடித்தார்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. குறைப்பதற்கு முன் நிறைந்திருக்க வேண்டும். பில் மே முழுப் படத்தை வரைந்த பின்பே கோடுகளை நீக்கினார். லக்ஷ்மணும் அந்தக் கூட்டத்தை முழுமையாக வரைந்தறிந்த பின்பே ஒருவரைத் தேர்ந்தார். எடுத்த எடுப்பில் நான்கு கோடு இழுத்துவிட்டுச் ‘சிக்கனம்’ என்று சொல்பவனுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நாளிதழ்ச் சித்திரக்காரன் மாதிரி வைத்துக்கொண்டு வரைய இயலாது. இன்று வெள்ளம், நாளை ரேஷன் கடை வரிசை, மறுநாள் குண்டும் குழியுமான சாலை, அதற்கடுத்த நாள் ரயில் மேடையில் மூட்டை முடிச்சுகளோடு கிடக்கும் குடும்பம். இவை யாவும் நினைவிலிருந்தே கைக்கு வர வேண்டும். மாட்டுவண்டியின் நுகத்தடி எப்படி இருக்கும், கூலியாள் பெட்டியைத் தூக்கும்போது கழுத்து எப்படிப் புடைக்கும், அரசு அலுவலக மேசையில் கோப்புகள் எப்படிச் சரிந்து கிடக்கும் என்பதெல்லாம் முன்னமே பார்த்து வரைந்து பழகியிருந்தால் அன்றி, அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ள முடியுமா? மைசூர்ச் சன்னலோரத்தில் சேர்த்து வைத்த முதலே பம்பாயில் வட்டியோடு திரும்பி வந்தது.

பெற்ற புகழும் உற்ற நோயும்

அவருக்கு 1973இல் பத்மபூஷண், 1984இல் மகசேசே விருது, 2005இல் பத்மவிபூஷண் ஆகிய சிறப்புகள் கிடைத்தன. 1988இல் அஞ்சல் துறை வெளியிட்ட தலை ஒன்றில் சாமானிய மனிதர் இடம் பெற்றார். புனே நகரின் சிம்பயோசிஸ் கல்வி வளாகத்தில் 2001இல் அவருக்கு வெண்கலச் சிலையும் எழுந்தது. மன்னர்க்கும் தலைவர்க்கும் சிலை உண்டு. வாய் திறவாத ஒரு பெயரிலிக்குச் சிலை எடுத்தது நம் நாட்டின் பெருந்தன்மையே. தொலைக்காட்சியில் ‘மால்குடி டேஸ்’ தொடர் வந்தபோது, தொடக்கத்தில் ஓடிய சித்திரங்கள் அவர் வரைந்தவை. அண்ணனின் ஊருக்குத் தம்பியே முகம் கொடுத்தார். ஏஷியன் பெயிண்ட்ஸ் டப்பாக்களில் நாம் கண்ட ‘கட்டு’ என்னும் குறும்புச் சிறுவனும் 1954இல் அவர் கையில் பிறந்தவனே. கையில் தூரிகையும் வாளியுமாக நிற்கும் அச்சிறுவனைக் காணுந்தோறும், சுவரில் வரைந்த மைசூர்ச் சிறுவனே என் நினைவுக்கு வருகிறான்.

2003இல் அவரைப் பக்கவாதம் தாக்கியது, இடப்பக்கம் பாதிக்கப்பட்டது. உடல் தேறிய பின் மீண்டும் வரைந்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், குடியரசு நாளன்று, புனேயில் காலமானார். அதே ஆண்டில் தமிழகம் மற்றொரு கோட்டு வேந்தரையும் இழந்தது. மாலியின் வழியில் வந்து ‘விகட’னில் நம் தாத்தா பாட்டிகளைச் சிரிக்க வைத்த கோபுலு அவர்களே அவர். அவரையும் வாதம் தாக்கி வலக்கை தளர்ந்தபோது, அவர் இடக்கையால் வரையப் பயின்றார் என்பது நாம் அறிந்து போற்ற வேண்டிய செய்தி. முதுமையில் பள்ளிச் சிறுவனைப் போல மீண்டும் முதற்கோட்டிலிருந்து தொடங்குவதென்றால் அது எத்தகைய மனவுறுதி!

நாம் செய்யத் தக்கது

இவ்வரலாற்றால் நாம் பெறுவது யாது? ஆண்டுதோறும் நம் சங்கத்தில் சிறுவர்க்கு ஓவியப் போட்டி நடைபெறுகிறது. மேசைகளுக்கு இடையே நடந்து பார்த்தால், பிள்ளைகளுள் பெரும்பாலோர் இரண்டு மலை, நடுவே உதிக்கும் கதிரவன், ஓர் ஆறு, ஒரு தென்னை என்று ஒன்றையே வரைகின்றனர். அவர்களுள் பலர் தென்னையை விடுமுறையில் ஊருக்குப் போனால்தான் காண்கிறார்கள். நாள்தோறும் காணும் வேம்பையும் கூட்ஸ் வண்டியையும் ஒருவரும் வரையக் காணோம். சிலர் கைப்பேசியில் கண்ட பொம்மையைப் படியெடுக்கின்றனர். அன்புள்ள பெற்றோர் சிலர் பின்னால் நின்று வண்ணம் சொல்லிக் கொடுக்கின்றனர். பரிசு, தூய்மையாக வண்ணம் தீட்டிய தாளுக்குப் போகிறது. காகத்தை வரைந்த பிள்ளை ஒன்று அங்கே இருந்தால், அதன் தாளை நாம் இரண்டாம் முறை எடுத்துப் பார்ப்போமா? நம்மிடமும் ஒரு தராசு இருக்கிறதே!

பிள்ளைகள் பொம்மைப் படங்களைப் பார்ப்பதில் தவறில்லை. லக்ஷ்மணும் பார்த்தார், லோவும் பார்த்தார். அது பொறி. ஆனால் பொறி பற்றுவதற்கு விறகு வேண்டும். அந்த விறகு தன் சன்னலுக்கு வெளியே கிடப்பது. அயல் மாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு ஊர் எது என்ற ஐயம் இயல்பாகவே எழுகிறது. பெற்றோர் பேசும் ஊரை அவர்கள் கண்டதில்லை. கண்ட ஊரைத் தமது என்று சொல்லத் தயங்குகிறார்கள். இராசிபுரத்தைப் பெயரில் சுமந்து, மைசூர்க் காகத்தை வரைந்து, பம்பாய்த் தெருவைத் தாளில் இறக்கிய மனிதர் அவர்களுக்கு வழி காட்டக்கூடும். ஓரிடத்தை அமர்ந்து பார்த்து வரைந்தவனுக்கு அந்த இடம் சொந்தமாகிறது. பட்டா வேண்டியதில்லை.

ஆகவே நிர்வாகக் குழுவினர்க்கு என் பணிவான விண்ணப்பம் இது. அடுத்த ஆண்டு முதல் போட்டிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கோடிடாத வெள்ளைத்தாள் ஏடு ஒன்றும் ஒரு பென்சிலும், பரிசு பெற்றாலும் பெறாவிட்டாலும், வழங்க வேண்டுகிறேன். செலவு அதிகமாகாது, கூடுவதை என் போன்ற உறுப்பினர்கள் பகிர்ந்து கொள்ளச் சித்தமாக இருக்கிறோம். போட்டியை மண்டபத்திற்குள் நடத்தாமல் வாயில் வேப்பமரத்தடியில் நடத்துவோம். பெற்றோர்கள் அந்த ஒரு மணி நேரம் உள்ளே தேநீர் அருந்திக் கொண்டிருக்கட்டும். பிள்ளைகள் எதிரே தெரிவதை வரையட்டும். நடுவர்கள் வண்ணத்தைப் பார்க்காமல், அந்தப் பிள்ளை எதைக் கவனித்தது என்பதைப் பார்க்கட்டும்.

மரத்தில் காகங்களுக்குக் குறைவில்லை.